சதுரகிரியா, பர்வதமலையா, வெள்ளியங்கிரியா: முதல் காட்டுவழி யாத்திரைக்கு எந்த மலை?

தை மாதத்தில் குடும்பத்தோடு ஒரு மலைக்கோயிலுக்குக் காட்டு வழியே நடந்து போய்வர வேண்டும் என்று என் அக்கா முடிவு செய்தபோது, எந்த மலைக்கு என்ற கேள்வி என்னிடம் வந்து சேர்ந்தது. பேச்சில் அடிபட்ட மூன்று மலைகளிலும் நான் ஏறியிருக்கிறேன் என்பதே அதற்குக் காரணம். போகிறவர்கள் ஆறு பேர்: அறுபத்து நான்கு வயதான அம்மா, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்ளும் அத்தான், நாற்பதுகளில் இருக்கும் அக்கா, கல்லூரியில் படிக்கும் அவர்களுடைய மகள், பன்னிரண்டு வயது மகன், நான். அம்மா தினமும் காலையில் 4 கிலோமீட்டர் நடப்பவர். ஆனால் அது சமதரை. என்னைத் தவிர மற்ற யாருக்கும் காட்டுப் பாதையில் நடந்து பழக்கமில்லை. இதே நிலையில் இருக்கும் குடும்பங்கள் ஏராளம் என்பதால், நாங்கள் எதை எதை எடைபோட்டு முடிவுக்கு வந்தோம் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

திருப்பதி மலைப்பாதையைப் பற்றி அத்தான் கேட்டார். அலிபிரி வழியில் 3,550 படிகள், ஸ்ரீவாரி மெட்டு வழியில் 2,388 படிகள். இரண்டும் சேஷாசலக் காட்டுக்குள்தான் ஏறுகின்றன. ஆனால் ஒழுங்கான படிக்கட்டும், வெயிலையும் மழையையும் தடுக்கும் கூரையும், மேலே போய்விட்டால் இறங்குவதற்குப் பேருந்தும் இருக்கும் அந்த வழியை வேறு வகையாகவே கருத வேண்டும். நான் ஒப்பிட எடுத்துக்கொண்ட மூன்று மலைகளிலும் உச்சிக்குச் சாலை கிடையாது. நடந்து ஏறியவர் நடந்துதான் இறங்க வேண்டும். இந்த ஒரு செய்திதான் எல்லாக் கணக்கையும் மாற்றுகிறது.

மலையைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் உயரத்தையும் மகிமையையும் கேட்கிறார்கள். ஏற எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்கிறார்கள். இறங்கும்போது என்ன நிலையில் இருப்போம் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் அடங்கிவிடும். இறங்கும்போதோ ஒவ்வோர் அடியிலும் உடலின் முழுப் பாரத்தையும் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே தாங்க வேண்டியிருக்கிறது. தசை இழைகள் அதிகம் நோவது அப்படிப்பட்ட வேலையில்தான். அதனால்தான் மலையிலிருந்து இறங்கிய மறுநாளும் அதற்கடுத்த நாளும் மாடிப்படி இறங்குவது பெரும்பாடாக இருக்கிறது. தசை தளர்ந்தபின் பாரம் முழங்காலுக்குப் போகிறது, முழங்கால் நடுங்கத் தொடங்கியபின் கால் பிசகுகிறது. நான் கண்ட சறுக்கல்களில் பெரும்பாலானவை பிற்பகலில், இறங்குமுகத்தில், அடிவாரம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கிய பிறகு நடந்தவை. ஆகவே ஒரு மலை நமக்கு ஏற்றதா என்பதை நான் மூன்று கேள்விகளால் அளக்கிறேன்: களைத்த காலோடு அந்த வழியில் இறங்க முடியுமா? பாதி வழியில் ஒருவருக்கு முடியாமல் போனால் திரும்பிவிட இடம் இருக்கிறதா? வழியில் நிழலும் தண்ணீரும் எப்படி? இவற்றுக்குப் பிறகுதான் உயரம்.

முதலில் வெள்ளியங்கிரியை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அத்தானின் மனம் அங்கேதான் இருந்தது. கோயம்புத்தூருக்கு மேற்கே, போளுவாம்பட்டி வனச்சரகத்தில், பூண்டி ஆண்டவர் கோயிலை அடிவாரமாகக் கொண்டு அடுத்தடுத்து ஏழு மலைகளைக் கடந்து, ஏழாவது மலையின் குகையில் இருக்கும் சுயம்பு லிங்கத்தைத் தரிசிக்கும் யாத்திரை அது. தென்கயிலாயம் என்று சொல்வதில் மிகையில்லை என்பதை அங்கே விடியற்காலையைக் கண்டவர்கள் அறிவார்கள். உச்சி ஏறக்குறைய 6,000 அடி உயரம். ஒரு வழிக்குச் சுமார் 6 கிலோமீட்டர். தூரத்தை மட்டும் கேட்டால் சிறிதாகத் தோன்றும். 1892இல் வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி வகுத்த ஒரு கணக்கு இன்றும் பயன்படுகிறது: ஏறக்குறைய ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். வெள்ளியங்கிரியில் ஏற்றம் 1,000 மீட்டரைத் தாண்டுவதால், தேர்ந்த நடையாளருக்கே மூன்று மணி நேரத்தை ஒட்டி வரும். பழக்கமில்லாதவர்களுக்கு அதைப்போல் ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் மலையே செங்குத்தான கற்படிகளாக எழுந்து நிற்பதால், உடல் சூடேறுவதற்கு முன்பே மூச்சு திணறிவிடுகிறது. வெள்ளை விநாயகர் கோயிலை அடையும்போதே பலர் திரும்பிவிடலாமா என்று யோசிக்கிறார்கள். இடையில் பாம்பாட்டிச் சுனையிலும் கைதட்டிச் சுனையிலும் தண்ணீர் கிடைப்பது பெரிய ஆறுதல். ஆனால் ஆறாவது மலையில் ஆண்டி சுனைக்கு இறங்கி, நீராடிவிட்டு, அதன்பின் ஏழாவது மலையின் செங்குத்தில் ஏற வேண்டும் என்பதைக் கவனிக்க வேண்டும்: அதாவது உச்சியைத் தரிசித்துவிட்டுத் திரும்பும்போதும் ஓர் ஏற்றம் மிச்சமிருக்கிறது. பகல் வெயிலைத் தவிர்க்கப் பெரும்பாலோர் இரவில் ஏறுகிறார்கள். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அடிவாரத்தில் சட்டை நனைய வியர்த்தவர், மேலே காற்றில் அதே ஈரச் சட்டையோடு நடுங்குவதை நான் பார்த்திருக்கிறேன், நானே நடுங்கியிருக்கிறேன். அடிவாரத்தில் வாங்கும் மூங்கில் தடியை யாரும் அலங்காரமாக எடுத்துப் போவதில்லை. இறங்கும்போது அதுதான் மூன்றாவது கால்.

மலை பொதுவாகப் பிப்ரவரி முதல் மே வரையே பக்தர்களுக்குத் திறக்கப்படுகிறது. மரபின்படி பத்து வயதுக்கு மேல் ஐம்பது வயதுக்குள் இருக்கும் பெண்களுக்கு மலையேற அனுமதி இல்லை. எங்கள் குடும்பத்தில் அக்காவும் அவள் மகளும் அடிவாரத்திலேயே நிற்க வேண்டியிருக்கும். இந்த யாத்திரையை விரும்பித் தொடங்கியவளே அக்காதான் என்பதால், குடும்பப் பயணம் என்ற கணக்கில் வெள்ளியங்கிரி அந்த இடத்திலேயே விலகிவிட்டது. அது மட்டுமன்று. 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் மூச்சுத் திணறலாலும் மாரடைப்பாலும் பக்தர்கள் அடுத்தடுத்து உயிரிழந்த செய்திகளை எல்லாரும் படித்தோம். இதய நோய், மூச்சு நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும் என்று அதிகாரிகள் அறிவுறுத்துவது அத்தானைப் போன்றவர்களை நினைத்துத்தான். பக்தியில் குறை என்று யாரும் இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. மலையில் நோயாளியைத் தூக்கிக்கொண்டு இறங்க ஆட்கள் வேண்டும், மணிக்கணக்கில் நேரம் வேண்டும், அந்த நேரத்தைத்தான் இதயம் தருவதில்லை.

பர்வதமலை பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஒன்றுபோல் திறந்திருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்தில், கலசபாக்கம் வட்டாரத்தில், சுற்றிலும் சமவெளி விரிந்திருக்கத் தனித்து எழும்பி நிற்கும் இந்த மலை 4,500 அடியைத் தாண்டும். உச்சியில் மல்லிகார்ஜுனரும் பிரமராம்பிகையும். மூன்று மலைகளில் இலக்கியத்தில் மிகப் பழைய தடம் பதித்தது இதுதான் என்று சொல்லத் துணிவேன். பத்துப்பாட்டில் 583 அடிகள் கொண்ட மலைபடுகடாம், செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் கூத்தர்களை ஆற்றுப்படுத்தும்போது, அவனுடைய நவிர மலையையும் அதில் உறையும் காரியுண்டிக் கடவுளையும் பேசுகிறது. அந்த நவிரமே இன்றைய பர்வதமலை என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். பெருங்கௌசிகனார் அந்தப் பாட்டில் வழியின் அழகைச் சொல்வதோடு நிற்கவில்லை. பன்றிக்கு வைத்த பொறிகளைப் பார்த்து நடக்கவும், பாம்புகள் இருக்கும் இடத்தில் எச்சரிக்கையாகக் கடக்கவும், தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல்லுக்கு ஒதுங்கவும், பாசி வழுக்கும் நீர்நிலைக் கரையில் கவனமாகக் கால்வைக்கவும், இரவானால் நடக்காமல் குகையில் தங்கவும் சொல்கிறார். மலைவழிக்கு இதைவிட அக்கறையான வழிகாட்டியை நான் படித்ததில்லை.

ஆனால் பாதை கடினமானது. தென்மகாதேவமங்கலத்திலிருந்து ஒரு வழியும் கடலாடியிலிருந்து ஒரு வழியும் உண்டு. முதல் வழியில் பச்சையம்மன் கோயிலையும் பெரிய முனிகள் சிலைகளையும் வீரபத்திரர் கோயிலையும் கடந்து கற்படிகளில் ஏறும் வரை யாருக்கும் சிரமம் பெரிதாகத் தெரியாது. படிகள் முடிந்ததும் கரடுமுரடான பாறைகள் தொடங்குகின்றன. அதன்பின் உச்சியை ஒட்டி மலை ஏறக்குறையச் செங்குத்தாகிறது. பாறையில் அடித்த இரும்புக் கம்பிகளாலான கடப்பாறைப் படிகளும், ஏணிப்படிகளும், பிடித்து ஏறுவதற்கான சங்கிலிகளும் அங்கேதான் இருக்கின்றன. ஏறும்போது பாறையைப் பார்த்துக்கொண்டு ஏறுகிறோம், பயம் தெரிவதில்லை. இறங்கும்போது முகத்தைப் பாறைப் பக்கமாகத் திருப்பி, காலால் அடுத்த கம்பியைத் தேடித் தேடி வைக்க வேண்டும். பின்னால் முழுச் சமவெளியும் திறந்து கிடக்கிறது. உயர அச்சம் தனக்கு உண்டு என்பதையே சிலர் அங்கேதான் முதன்முறையாகக் கண்டுகொள்கிறார்கள். நான் போன நாளில் ஒரு பெண்மணி ஏணியின் தலைப்பில் அரை மணி நேரம் அமர்ந்துவிட்டார். அவருக்குப் பின்னால் நாற்பது பேர் வெயிலில் நின்றோம். யாரும் கடிந்துகொள்ளவில்லை, ஒரு பெரியவர் கீழே இறங்கி நின்று அவர் பாதத்தை ஒவ்வொரு கம்பியாக எடுத்து வைத்தார். ஆனால் கூட்டம் மிகும் பௌர்ணமி நாளில் அந்தப் பொறுமை கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது.

இன்னொன்று தண்ணீர். வெள்ளியங்கிரியைப் போல நம்பத்தக்க சுனைகள் வழியில் இல்லை. மேல்பாதியில் பாறை சூடேறிவிட்டால் நிழலும் குறைவு. ஒருவருக்கு மணிக்கு அரை லிட்டர் என்ற கணக்கில், போய்வர ஒன்பது மணி நேரமானால் நாலரை லிட்டர் முதுகில் சுமக்க வேண்டும். அம்மாவாலோ பன்னிரண்டு வயதுப் பையனாலோ அது ஆகாது. அவர்களுடையதையும் மற்றவர்கள் சுமந்தால் கம்பிப் படிகளில் நிலைகுலையும் ஆபத்து கூடும். அக்காவும் மகளும் தாராளமாக ஏறுவார்கள் என்பது என் எண்ணம். ஆனால் அது அவர்களுடைய இரண்டாவது மலையாக இருக்க வேண்டும்.

சதுரகிரிக்கு வருகிறேன். மதுரையிலிருந்து இராஜபாளையம் செல்லும் சாலையில் கிருஷ்ணன்கோவிலில் திரும்பி, வத்திராயிருப்பைக் கடந்தால் தாணிப்பாறை. அங்கிருந்து சுந்தரமகாலிங்கம் கோயிலுக்கு ஏழெட்டு கிலோமீட்டர் நடை. மூன்றிலும் தூரம் அதிகமானது இதுதான். ஆனாலும் மூன்றிலும் காலுக்கு இணக்கமானது இதுவே. காரணம் எளிது. ஏற்றம் ஒரே மூச்சாக வருவதில்லை. ஒரு செங்குத்து, பிறகு ஓடையை ஒட்டிய சம வழி, மறுபடி ஓர் ஏற்றம் என்று மலை நம்மை விட்டுவிட்டுச் சோதிக்கிறது. பாதையின் பெரும்பகுதி மரநிழல். வழுக்குப்பாறை, அத்தியூத்து, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், சின்னப் பசுக்கிடை, நாவலூற்று, வனதுர்க்கை, பெரிய பசுக்கிடை என்று வழிநெடுக இருக்கும் பெயர்களைக் கவனியுங்கள். பாறையும் ஊற்றும் மாடு அடைந்த கிடையும் அதில் இருக்கின்றன. சித்தர்களுக்கும் முன்பே இடையர்கள் நடந்த தடம் இது என்று எனக்குத் தோன்றும். தலபுராணமும் பச்சைமால் என்ற இடையனைச் சொல்லித்தான் தொடங்குகிறது. நடக்கிறவருக்கு இந்தப் பெயர்களால் இன்னொரு பயனும் உண்டு: எங்கே இருக்கிறோம், இன்னும் எவ்வளவு என்று ஒவ்வொரு கட்டத்திலும் தெரிகிறது, எந்தக் கட்டத்திலும் திரும்பலாம். எதிலும் கம்பியைப் பிடித்துத் தொங்க வேண்டிய நிலை இல்லை. பிலாவடிக் கருப்பரை வணங்கி நிமிர்ந்தால் கோயில் வந்துவிடும். சற்றே சாய்ந்த நிலையில் சுந்தரமகாலிங்கம். கொஞ்சம் மேலே சந்தனமகாலிங்கமும் பதினெண் சித்தர்களும். அம்மாவுக்குச் சித்தர்கள்மேல் உள்ள ஈடுபாடு எனக்குத் தெரியும் என்பதால், இதை எழுதும்போதே என் மனம் இந்தப் பக்கம் சாய்ந்திருப்பதை மறைக்கவில்லை.

சதுரகிரியின் ஆபத்து தண்ணீர். வழி பலமுறை ஓடைகளைக் கடக்கிறது. நாம் நிற்கும் இடத்தில் தூறல்கூட இல்லாதபோது, மேலே மலையில் பெய்த மழை சில நிமிடங்களில் ஓடையை ஆறாக்கிவிடும். 2015ஆம் ஆண்டு மே மாதம் அப்படி வந்த திடீர் வெள்ளம் பக்தர்களின் உயிரைக் குடித்தது. மே மாதம் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வடகிழக்குப் பருவமழைக்கு மட்டும் பயந்து கோடையில் போனால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. கோடை இடிமழைக்கு முன்னறிவிப்பு குறைவு. முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடும் கலங்கல் நீரில் இறங்கக் கூடாது, கயிறு கட்டியிருந்தாலும் கூடாது. வடியும்வரை மேட்டில் காத்திருக்க வேண்டும், இருட்டினாலும் சரி. இந்தக் காரணத்தாலேயே மழை எச்சரிக்கை வந்தால் வனத்துறை வழியை மூடிவிடுகிறது. வெகுதூரத்திலிருந்து வந்தவர்கள் தாணிப்பாறையில் வருத்தத்தோடு நிற்பதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் அந்த முடிவு சரியானது.

காடும் சாதாரணக் காடன்று. 1988இல் சாம்பல் நிற மலை அணிலுக்காகச் சரணாலயமாக்கப்பட்டு, 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. ஆகவே காலையில் குறிப்பிட்ட நேரத்துக்குள்தான் உள்ளே விடுவார்கள், மாலைக்குள் இறங்கிவிட வேண்டும், மேலே இரவு தங்க முடியாது. ஒரு காலத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களுக்கு மட்டுமே அனுமதி இருந்தது. விதிகள் காலத்துக்குக் காலம் மாறுவதால் புறப்படுவதற்கு முந்தின நாள் விசாரித்துக்கொள்வது நல்லது. பையைச் சோதித்து நெகிழிப் பொருட்களை வாங்கி வைத்துவிடுவார்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை மறக்காதவர்கள், தீப்பெட்டிக்கான தடையை எரிச்சலோடு பார்க்க மாட்டார்கள். எங்களுக்கு இந்த நேரக் கட்டுப்பாடு ஒருவகையில் துணையாகவும் இருக்கும்: இரவில் இறங்கும் ஆசையே எழாது.

ஆடி அமாவாசைக்குப் போகலாமே என்று அம்மா கேட்டார். அன்று மலைக்கு இருக்கும் மகிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் குறுகிய வழியில் பெருங்கூட்டத்துக்கு நடுவே நம் வேகத்தில் நடக்க முடியாது, நிற்க நினைத்த இடத்தில் நிற்க முடியாது. முதன்முறை போகிறவருக்குத் தன் வேகமே முக்கியம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கோடை வெயிலும் காட்டுத்தீயும் தொடங்காத தை மாதத்தில், அமாவாசை, பௌர்ணமி இல்லாத ஒரு வாரநாள் என்று பேசி முடித்தோம்.

ஆகவே இந்த ஆண்டு சதுரகிரி. அக்காவும் மகளும் அதில் இறங்குமுகத்தை நன்றாகத் தாங்கினால், அடுத்த ஆண்டு அவர்களோடு நான் பர்வதமலைக்குப் போவேன், கூட்டமில்லாத நாளில், விடியலில் தொடங்கி. அத்தானின் வெள்ளியங்கிரி ஆசையை மருத்துவரிடம் விட்டுவிட்டோம்; இதயப் பரிசோதனை செய்து அவர் சரி என்று சொன்னால், ஓராண்டுப் பயிற்சிக்குப் பிறகு பார்க்கலாம்.

பயிற்சி இப்போதே தொடங்கிவிட்டது. வாரம் மூன்று நாள் அடுக்குமாடிப் படிகளில் ஏறி இறங்குகிறோம், இறங்குவதில்தான் கவனம்: சிறிய அடி, முழங்காலை முழுவதும் நிமிர்த்தாமல் லேசாக மடக்கி, தடியை முன்னால் ஊன்றி. மார்கழியில் ஒரு நாள் சோளிங்கர் யோக நரசிம்மர் மலையின் 1,305 படிகளை ஏறி இறங்கப் போகிறோம். மறுநாள் யாருக்கு முழங்கால் வீங்குகிறது என்று பார்த்தால் பல கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். பழகிய காலணி, வெட்டிய கால்நகம், மாற்றுச் சட்டை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், கைவிளக்கு, துணிப்பை. குரங்குகள் பறிப்பதால் தின்பண்டம் எதுவும் கையில் கிடையாது.

இரண்டு விதிகளை மட்டும் எழுதி எல்லாரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். பகல் பதினொன்றரை மணிக்கு எங்கே இருந்தாலும், கோயில் எவ்வளவு அருகில் இருந்தாலும், அங்கிருந்து திரும்பிவிட வேண்டும். ஒருவருக்கு முடியவில்லை என்றால் அவரைத் தனியே உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் மேலே போகக் கூடாது. புலிகள் காப்பகத்தில் தனியாகக் காத்திருத்தல் என்று ஒன்று இல்லை, இரண்டு பேர் அவரோடு இறங்க வேண்டும். அம்மா இதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன்னால் இரட்டை லிங்கம் வரைதான் முடியும் என்றால் அங்கே கற்பூரம் ஏற்றலாமா என்று கேட்டார். தீ கூடாது, பூ வைக்கலாம் என்றேன். முதல் நாள் மாலையே மல்லிகை வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.